இரண்டும் இடது கால்

தில்ஷாத்தின் பெயரை யார் எடுத்தாலும் ஹெலனுக்கு வயிறு எரியும். ஆம்பூரில் இப்போது அந்தப் பெயரை எடுக்காதவர்கள்தான் யார்? அப்பாவின் தோல் குடோன் மாடியில் ஒற்றைக் கம்ப்யூட்டரோடு அனிமேஷன் ஸ்டூடியோ தொடங்கியவள், இன்று அறுபது பேருக்கு முதலாளி. பெண்ணை வேலைக்கென்று சென்னைக்கு அனுப்பமாட்டோம் என்று அடம்பிடித்த வீடுகளில் எல்லாம், மேல்விஷாரம்வரை ஏறி இறங்கிப் பேசி, அந்தப் பெண்களை அழைத்துவந்து தொழில் கற்றுக்கொடுத்தாள். ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஹெலனின் கணவன் ஜோசுவாகூடச் சாப்பிடும்போது, "தில்ஷாத் மாதிரி தைரியம் வேணும்" என்பான். மறுவேளைக் குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கும்.

கொடுமை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைந்தவள் ஹெலன்தான். "ரெண்டு பேரும் பார்ட்னரா சேந்து செய்யலாம்டி" என்று தில்ஷாத் கூப்பிட்டபோது, "ஆம்பூர்ல கார்ட்டூனா? போடீ!" என்று சிரித்துவிட்டு, ஷூ கம்பெனியில் டிசைனராகப் போய்ச் சேர்ந்தவளும் ஹெலன்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அடுத்தவர்களுக்கே வேலை செய்துவந்த ஸ்டூடியோவின் முதல் சொந்தப் படம் முடிந்தது. மும்பை சேனல் வாங்கினால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் மாடியைப் பூட்ட வேண்டியதுதான். வெளியே விடுமுன் தில்ஷாத் ஹெலனை மட்டும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள்.

"உன் கண்ணுக்குத்தான்டி பயப்படறேன். தப்பு இருந்தா சொல்லிடு. மாத்த இன்னும் டைம் இருக்குது."

ஆலங்காயம் காட்டுக்குள் ஒரு சிறுமி சிவப்பு ஷூ போட்டுக்கொண்டு, தொலைந்த நாயைத் தேடிப் போகிறாள். படம் அழகாக இருந்தது. அதுதான் ஹெலனுக்குத் தாங்கவில்லை. நடுவில் ஷூ பெரிதாகத் தெரிந்தது. பக்கிள் வெளிப்பக்கம் அல்லவா வரவேண்டும்? வலது ஷூவில் உள்பக்கம் இருந்தது. இடது ஷூவையே நகலெடுத்து வலது காலுக்கும் மாட்டிவிட்டிருக்கிறார்கள்! முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். முடிந்தது, பெயர்கள் ஓடின. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், தில்ஷாத்.

"சூப்பர்டி. கை வைக்கவே வேணாம்" என்றாள் ஹெலன். அன்று ஜோசுவாவுக்கு மீன் வறுவல் கிடைத்தது.

முதல் காட்சியைக் கல்யாண மஹாலில் போட்டார்கள். முன்வரிசையில் சேனலிலிருந்து வந்த மும்பைக்காரர். பின்னால் பூராவும் ஷூ கம்பெனி ஜனம். ஆளைப் பார்க்குமுன் காலைப் பார்க்கிறவர்கள்.

"டேய், ரெண்டும் லெப்ட்டுடா!" என்று ஒரு குரல் கிளம்பியது. மஹாலே சிரித்தது. அப்புறம் சிறுமி அழுதபோதும் சிரித்தார்கள். ஹெலனுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே குளுகுளுவென்று இருந்தது.

தில்ஷாத் மேடையேறி மைக்கைப் பிடித்தாள். "கரெக்ட்டா பிடிச்சிட்டீங்க. தப்பு என்னுது. எங்க பசங்க மேல ஒன்னும் இல்ல."

கைதட்டினார்கள். விழுந்த இடத்திலும் கைதட்டு வாங்குகிறாளே என்று ஹெலனுக்கு மறுபடி எரிந்தது. மும்பைக்காரர் மட்டும் எழுந்து காருக்குப் போனார்.

ஹெலனையும் கூட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போன தில்ஷாத், தலைமை அனிமேட்டர் தௌசீப்பைப் பிடித்துக்கொண்டாள். "ஹெலன் பாத்தப்புறம் இன்னாத்த மாத்தினீங்க?"

"ஒன்னும் மாத்தல மேடம். அன்னிக்கி அவங்க பாத்ததும் இதேதான்."

"தப்பு செஞ்சா பரவால்ல தௌசீப். பொய் சொல்றதா இருந்தா நாளைலருந்து வராத. இவ பாத்திருந்தா விட்டிருப்பாளா?" ஹெலனின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "நீயே சொல்லுடி இவன்கிட்ட."

தௌசீப் ஹெலனையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆமாம், மாற்றிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை போதும். அவள் தப்பித்துவிடலாம், அவன் வேலை போய்விடும். வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை.

"அப்பவே இருந்துச்சுடி. பாத்தேன்."

தில்ஷாத் பிடித்திருந்த கையை விட்டாள். தௌசீப்பிடம் திரும்பி, "மன்னிச்சிடுப்பா, உன்ன சந்தேகப்பட்டுட்டேன். எல்லாரையும் கூப்புடு, ஷூவ சரி பண்ணலாம்" என்றாள். ஹெலனிடம் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.