ஒரு மத்தியானத்துக்கு மேட்டு வீடு

சுனாமி அலை வந்துபோன பிறகு தீவில் பெண் பார்க்கிற முறையே தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் நட்சத்திரம், நகை, பையனுக்கு கவர்மெண்ட் வேலையா என்று ஆரம்பிப்பார்கள். இப்போது எடுத்த எடுப்பில் ஒரே கேள்வி: "பொண்ணு வீடு மேட்டுலயா, பள்ளத்துலயா?" தலைப்பிரசவம் பெண் வீட்டில்தானே, பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது என்பது அவர்கள் நியாயம். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஓடுவதைப் பற்றி யோசிக்கிற ஜனங்களை என்ன சொல்ல?

கார்த்திகாவின் வீடு சௌல்தாரியில், பள்ளத்தில். அந்த டிசம்பரில் உள்ளே வந்த கடல் அவள் அப்பா காத்தமுத்துவின் வயலில் பாதியைப் பிடித்துக்கொண்டு நாலு வருஷமாகத் திரும்பிப் போகவில்லை. வீடு தப்பித்தது. ஆனால் பின்கதவைத் திறந்தால் கத்தரிக்காய் காய்த்த இடத்தில் நண்டு நடந்துகொண்டிருக்கும். இதுவரை மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரியைச் சாப்பிட்டார்கள், பின்கதவு வரை போனார்கள், டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். மூன்றாவது கூட்டத்தில் வந்த சித்தப்பா ஒருவர் மட்டும் நண்டு என்ன விலை என்று விசாரித்தார்.

நாலாவது வரன் உதயசூரியன். கார்த்திகாவுக்கு இவன் புதியவன் இல்லை. டாலிகஞ்சில் அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஒரே ரேஷன் கார்டை ஆறு முறை எடுத்து வந்தவன். ஆறாவது முறை அவளே கேட்டுவிட்டாள்.

"இத்தனை காப்பி எதுக்குங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்" என்றான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

அடுத்த வாரமே அவனுடைய அம்மா சொர்ணம்மா தரகரை அனுப்பினாள். கார்த்திகாவுக்கு உள்ளுக்குள் தித்தித்தது. தரகரோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி அந்தம்மா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. இந்த வீட்டுலதான் இருப்பீங்களா, மேட்டுல வேற வீடு இருக்கா?" என்றார்.

"மேட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டார் காத்தமுத்து.

தரகர் போன பிறகு கார்த்திகா பிடித்துக்கொண்டாள். "யாரு வீட்டு மேடுப்பா அது?"

"நம்ம நல்லதம்பி வீடுதான். கராச்சர்மால, பஸ் ஸ்டாப்புக்கு மேல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவனும் பொண்டாட்டியும் சினிமாவுக்குப் போயிருவாங்க. சாவி நம்ம கையில."

"தலைப்பிரசவத்துக்கும் அவங்களை சினிமாவுக்கு அனுப்புவீங்களா?"

"மொதல்ல கல்யாணம் ஆவட்டும் தாயி."

அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. இவனும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

நல்லதம்பியின் மனைவி கண்ணாடி டம்ளர் எங்கே, காஸ் அடுப்பில் எந்தப் பக்கம் எரியாது, எந்த நாற்காலியில் பெரிய ஆட்களை உட்கார வைக்கக் கூடாது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கராச்சர்மா மேட்டில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை, அரை மணி நேரம் வரும். சனிக்கிழமை வர வேண்டிய தண்ணீர் அன்று வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் சொர்ணம்மா மகனோடு படியேறி வந்தாள். மூச்சு வாங்க நின்று கீழே தூரத்தில் கோடாகத் தெரிந்த கடலைப் பார்த்து, "நல்ல மேடு" என்றாள். காத்தமுத்து தானே அந்த மலையைக் கட்டியவர் மாதிரிச் சிரித்தார்.

"எவ்வளவு காலமா இங்க இருக்கீங்க?"

"பதினஞ்சு வருஷமா" என்று சொல்லிக்கொண்டே நடந்தவர் டீப்பாயில் முட்டிக்கொண்டார்.

கார்த்திகா டீத் தட்டோடு வந்தாள். உதயசூரியன் நிமிர்ந்து பார்த்தான், காது சிவந்தது. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வங்காளி அம்மாள் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"அரே நல்லதம்பி பாய்! பானி ஆ கயா! ஜல்தி!"

"நல்லதம்பி யாரு?" என்றாள் சொர்ணம்மா.

"என்னையத்தான் பிரியமா அப்படிக் கூப்பிடுவாங்க" என்றார் காத்தமுத்து.

ஆனால் தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததுமே சொர்ணம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். "என்ன உக்காந்திருக்கீங்க? டியூப் எங்க? ட்ரம் எங்க? அரை மணிதான் வரும்!"

வீடு அமளிப்பட்டது. கார்த்திகாவின் அம்மா இந்திராணி ஒரு கதவைத் திறந்தாள், அது துணி அலமாரி. இன்னொன்றைத் திறந்தாள், சாமி அறை. காத்தமுத்து கையில் ஒரு சொம்போடு முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் ஓடினார். உதயசூரியன் யாரையும் எதுவும் கேட்காமல், தன் வீட்டில் செய்வது போலவே மாடிப்படிக்கு அடியில் கையை விட்டு ரப்பர் டியூபை இழுத்தான், கொல்லைக் குழாயில் மாட்டினான், ட்ரம்மில் தண்ணீரை விட்டான்.

"ஏம்மா," சொர்ணம்மா இந்திராணியைக் கேட்டாள், "உன் வீட்டு டியூப் எங்க இருக்குன்னு என் மகனுக்குத் தெரியுது. உனக்குத் தெரியலியே?"

காத்தமுத்து அடுத்த பொய்க்கு வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தில் வழிந்த வேர்வையைப் பார்த்ததும் கார்த்திகாவுக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, இது எங்க வீடு இல்லைங்க." வாய் தவறி அத்தை என்றே வந்துவிட்டது. "சௌல்தாரிதான் எங்க வீடு. பள்ளம். வயல்ல கடல் நிக்குது."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றான் உதயசூரியன், ட்ரம்மைப் பார்த்தபடி. "சாயங்காலம் இவங்க சௌல்தாரி பஸ்ஸுலதான் ஏறுவாங்க. டெய்லி பாக்கறேன்."

"டெய்லியா? ரேஷன் கார்டு அடிக்கடி காணாமப் போறப்பவே நெனைச்சேன்." சொர்ணம்மா கார்த்திகாவின் பக்கம் திரும்பினாள். "கடல் நிக்குதுன்னா குடிக்கத் தண்ணி?"

"வீட்டு முன்பக்கம் கெணறு இருக்குங்க. அதுல உப்பு ஏறலை. கோடையிலயும் வத்தாது."

சொர்ணம்மா கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்தாள். "கோடையிலயுமா? வாளிய விட்டா வந்துருமா? எந்த நேரத்துக்கும்?"

"எந்த நேரத்துக்கும்."

"நான் இருபத்தெட்டு வருஷமா குழாயடியில நிக்கறேன்டி. அன்னிக்கு பூமி ஆடுனப்ப ஊரே மேல ஓடுச்சு, நான் குடத்தை நெரப்பிட்டுத்தான் ஓடுனேன். எல்லாரும் மேடு கேக்கறாங்களேன்னு நானும் கேட்டேன். பிள்ளை பொறந்தா ஒரு நாளைக்கு எத்தனை துணி அலசணும்! இந்த மேட்டுல எதை வச்சு அலசுறது?" பிறகு காத்தமுத்துவைப் பார்த்து, "நல்லதம்பி அண்ணே, மொதல்ல ட்ரம்மை நெரப்புங்க. வீட்டைக் குடுத்த மகராசி வந்து வெறும் ட்ரம்மைப் பாக்கக் கூடாது. அப்புறம் நாம கெணத்தைப் பாக்கப் போவோம்" என்றாள்.

நாலு மணி பஸ்ஸில் எல்லோரும் சௌல்தாரிக்குப் போனார்கள். சொர்ணம்மா தானே ஒரு வாளி இறைத்து, கை நிறைய அள்ளிக் குடித்தாள். அப்புறம் யாரும் காட்டாமலே பின்கதவை நோக்கி நடந்தாள். கார்த்திகா அடுப்படியில் டீயைக் கொதிக்க விட்டுவிட்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சொர்ணம்மா திரும்பி வந்து ஆட்டம் கண்டிருந்த பெஞ்சியில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டாள். நண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் டம்ளரைக் கீழே வைத்ததும் கார்த்திகா எட்டிப் பார்த்தாள். டம்ளர் காலியாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றாள் சொர்ணம்மா.