ஷெரீப் கோல் மேடிகன் குதிரை ஏறிய நாள்

கோல் மேடிகன் என்று திரையில் பெயர் போட்டுக்கொண்ட ஆளின் நிஜப் பெயர் ஆர்வில் ஸ்ட்ரட். ஓஹையோவில் செருப்புக் கடையில் வேலை பார்த்தவன். தாடை நன்றாக இருக்கிறதென்று யாரோ சொன்னதை நம்பி ஹாலிவுட்டுக்கு வந்தான். தாடையைத் தவிர வேறெதையும் கொண்டுவரவில்லை. ஒன்பது கௌபாய் படங்களில் நடித்தான். எட்டில் முதல் அரை மணிக்குள் சுடப்பட்டுச் செத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் ஒரு தொலைக்காட்சித் தொடர் அவனை ஷெரீப், அதாவது ஊர்க்காவல் அதிகாரி, ஆக்கியது. வியாழன்தோறும் நாடே அவனைப் பார்த்தது. உண்மையில் பார்த்தது என் முதுகை. குதிரை ஓட்டியதும் கூரையிலிருந்து குதித்ததும் நான், லைல் ஹாஸ்கெட், அவனுடைய டூப். முகம் தெரிய வேண்டிய காட்சிக்கு மட்டும், லாரியில் கட்டிய பீப்பாய் மேல் சேணம் போட்டு அவனை உட்காரவைத்து ஆட்டுவார்கள். அதிலிருந்தும் ஒருமுறை விழுந்தான்.

மூன்றாம் வருஷம் ஒரு குதிப்பில் என் தோள் எலும்பு முறிந்தது. மறுவாரம் பத்திரிகையில், தனக்கே எலும்பு முறிந்ததுபோலக் கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டபடி கோல் மேடிகன் நின்றான். டூப் வைத்துக்கொள்கிறவன் கோழை என்று பேட்டி வேறு. ஆஸ்பத்திரிக்கு வந்தவனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"ரசிகருங்க ஆசையா இருக்காங்க லைல். அவங்க மனச ஒடைக்கச் சொல்றியா?"

"அது ஒடைய வேணாம். என் தோளு ஒடஞ்சதே போதும்."

அதற்கு மேல் நானும் வாய் திறக்கவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

அந்தப் பேட்டிதான் அவனை மாட்டிவிட்டது. அடுத்த கோடையில் டூசான் நகரத்தில் ரோடியோ என்ற குதிரைச் சாகசப் போட்டியை நேரடியாக ஒளிபரப்பினார்கள். சிறப்பு விருந்தினன் அவன். அறிவிப்பாளன் திடீரென்று, டூப்பே வேண்டாத ஷெரீப் மைதானத்தை ஒரு சுற்று வருவார் என்று சொல்லிவிட்டான். குழந்தைகளைச் சுமக்கும் கிழட்டுப் பெண்குதிரை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோல் தப்பான காலைச் சேணத்தின் மிதிவளையத்தில் வைத்து ஏறி, வாலைப் பார்த்து உட்கார்ந்தான். தட்டுத்தடுமாறி முன்பக்கம் திரும்பியதில் தொப்பி போனது. அதோடு பொய்முடியும் போனது. குதிரை நிதானமாக நடந்தது. அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். வேலியோரம் ஒரு சின்னப் பெண் கேட்டது ஒலிவாங்கியில் விழுந்தது.

"அம்மா, ஷெரீப் அழுவுறாரா?"

நாடே வயிறு வலிக்கச் சிரித்தது. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. டெல்பர்ட் கிரிம் என்ற தயாரிப்பாளர் பயந்தாங்கொள்ளி ஷெரீப்பை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதச் சொல்லி, இவனைக் கூப்பிட்டார்.

"நீ நடிக்கவே வேணாம்யா. வந்து நின்னாப் போதும்."

ஆண்டவன் அவனுக்குக் கொடுத்திருந்த ஒரே திறமை அதுதான். கோலோ, தான் கோமாளி இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான். டூசானில் அன்று குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று பத்திரிகைக்குச் சொன்னான்.

அந்த வேடம் வேறொருவனுக்குப் போய் ஏழு வருஷம் ஓடியது. நானும் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கோலின் தொடரை மறு வருஷமே நிறுத்தினார்கள். பிறகு நாய் பிஸ்கட் விளம்பரம் ஒன்று. நாய்க்கு அவனைப் பிடிக்கவில்லை.

அறுபத்து நாலில் எனக்குப் போன் செய்தான். உங்கள் தொடரில் ஏதாவது இருக்குமா என்று வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டான். விசாரித்துச் சொன்னேன்: தாடிக்காரக் குடிகாரன், குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் விழ வேண்டும், ஒரு நாள் வேலை.



"வசனம் இருக்கா?"

"இல்ல."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். படப்பிடிப்பு நாளான செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவரை அவனுக்காகக் காத்திருந்தோம். பிறகு தாடியை ஒட்டிக்கொண்டு நானே விழுந்தேன்.