வாடகைக்கு விட்ட சொல்

ஊரே வாயில் வைத்திருக்கும் ஒரு சொல்லின் விலை, வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். டை கட்டிய ஒருவன் வந்து என் கடை மேசையில் வைத்த வக்கீல் நோட்டீஸ் அப்படித்தான் சொன்னது.

அந்தச் சொல் டெவ்ரா. நகல் எடுக்கும் மிஷினின் கம்பெனிப் பெயர். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே நான் கடை போட்டபோது வாங்கிய முதல் மிஷின் அது. அதற்கப்புறம் இந்தத் தெருவில் 'நகல்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. டெவ்ரா போடு, டெவ்ரா கொண்டு வந்தியா, ஒரிஜினலா டெவ்ராவா என்றுதான் பேச்சு. நான் டெவ்ராக்காரர். பைண்டிங் போடும் என் மனைவி டெவ்ராக்கா.

கம்பெனி மிஷின் செய்வதை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகிறது. உதிரி பாகம் கேட்டு அன்றைக்கு நான் எழுதியபோது பதில் போடக்கூட நாதியில்லை. இப்போது என்னிடம் ஓடுவது வேறு கம்பெனி மிஷின். போர்டில் மட்டும் 'டெவ்ரா கடை'. அதற்குத்தான் வாடகை. கட்டாவிட்டால் பதினைந்து நாளில் அழிக்க வேண்டும்.

பேரம் பேசும் வீட்டில் பிறந்தவன் நான். சும்மா கொடுத்தாலும் கொஞ்சம் குறைத்துக் கேட்கிற குடும்பம். ஆனால் இதற்குப் பாதி விலை கேட்கக்கூட வாய் வரவில்லை. பெயர் கம்பெனியின் சொத்து என்றான் டைக்காரன்.

"சொத்துன்னா பூட்டி வெச்சிருக்கணும் தம்பி. தெருவுல விட்டுட்டுப் போனீங்க. நாங்க சோறு போட்டு வளத்தோம். இப்ப வந்து வாடகை கேட்டா எப்படி?"

"நான் சம்பளத்துக்கு வேலை செய்றவன் சார்."

அதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது? வழக்கு நடத்த வசதியில்லாமல் பெயின்டரைக் கூப்பிட்டேன். 'இங்கு நகல் எடுக்கப்படும்' என்று எழுதிவிட்டுப் போனார்.

வெளியூரிலிருந்து பத்திரம் பதிய வருகிறவர்கள் என் வாசலிலேயே நின்று டெவ்ரா கடை எங்கே என்று என்னையே கேட்டார்கள். இதுதான் என்றேன். போர்டைப் பார்த்தார்கள், ஏதோ ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள், தெருமுனைக் கடைக்குப் போனார்கள். அங்கே அட்டையில் கையால் எழுதித் தொங்கவிட்டிருந்தது: டெவ்ரா. அட்டைக்கு நோட்டீஸ் வரவில்லை. வியாபாரம் பாதியானது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடை வாடகைக்கே வழியிருக்காது.

நான் வயிறெரிந்து கத்தினேன். மனைவிக்கு வேறு கணக்கு. "இப்பவே பாதிப் பேரு போன்லயே படம் புடிச்சு அனுப்புறாங்க. இன்னும் பத்து வருஷத்துல இந்தப் பேரைச் சொல்லவே ஆள் இருக்காது. அப்ப யார்கிட்ட வசூல் பண்ணுவாங்களாம்?"

அதுவரை நாம் சாப்பிட வேண்டாமா என்று கேட்டேன்.

கெடு முடிந்த மறுநாள் டைக்காரன் சரிபார்க்க வந்தான். புது போர்டைப் படம் எடுத்தான். பெயர் நீக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினான். அதே தாளை என்னிடமே நீட்டினான்.

"இதை ரெண்டு டெவ்ரா போட்டுக் குடுங்க சார்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி பைண்டிங் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"தம்பி இந்த வருஷத்துக்குக் கட்டியாச்சா?"

அவன் காது சிவந்துவிட்டது. போட்டுக் கொடுத்தேன், நாலு ரூபாயை வைத்துவிட்டுப் போனான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. அனுப்பியவர்கள் மேல்தான் ஆத்திரம் அடங்கவில்லை. அன்று மாலையே பெயின்டரைத் திரும்பக் கூப்பிட்டு, பழைய பெயரை இன்னும் பெரிதாக எழுதச் சொன்னேன். நோட்டீஸுக்குப் பதிலும் போட்டேன், அவர்கள் விலைக்கே:

கைவிடப்பட்ட சொல்லைப் பதினோரு வருஷம் பராமரித்த வகையில், வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் வீதம், ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். இந்த வருஷ வாடகை கழிவு, பன்னிரண்டாயிரம். தங்கள் ஆளுக்கு இரண்டு டெவ்ரா, நாலு ரூபாய், வரவாகிவிட்டது. எனக்கு வர வேண்டிய பாக்கி, ஒரு லட்சத்து இருபதாயிரம்.