ஒரே மாதிரி இரண்டு கூடங்கள்

தையல்காரி அந்த ரயில் நிலையத்துக்கு அதுவரை வந்ததேயில்லை. மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளும் நோயாளிகளின் அங்கிகளும் தைப்பது அவள் வேலை. வீடும் வேலையும் ஒரே தெருவில் இருந்ததால் ரயிலுக்குத் தேவை வந்ததில்லை. அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்தது தங்கையைப் பார்க்க. அம்மா போனதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது தங்கையே போன் செய்து, இரண்டு பேருக்கும் நடுவழியில் இருக்கிற இந்தப் புறநகர் நிலையத்தில் சந்திக்கலாம், டிக்கெட் கொடுக்கிற கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திரு என்று சொல்லியிருந்தாள்.

வாசலில் ஒரு பித்தளைத் தகடு, இது பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்றது. உள்ளே போனதும் தையல்காரி அண்ணாந்து பார்த்தாள். செங்கல் வளைவுகள், உயரத்தில் மரக்கூரை, உச்சியில் இலைக்கொத்து வார்த்த இரும்புத் தூண்கள். டிக்கெட் ஜன்னலைச் சுற்றி மரத்தில் செதுக்கியிருந்த வேலைப்பாடு பாவாடை விளிம்புச் சரிகை மாதிரி இருந்தது. வாசலுக்கு மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி. அதன் வழியாக வந்த வெயில் தரையில் சிவப்பும் பச்சையுமாக விழுந்து கிடந்தது. அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

கடிகாரத்தின் கீழிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கை வர நேரமிருந்தது. ஜன்னலுக்குப் பின்னாலிருந்த மீசைக்காரரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். கீழே சுரங்கப்பாதையில், என்றார் அவர். பையை அங்கேயே வைத்துவிட்டுப் போகும்படியும், தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். போனும் அந்தப் பையில்தான் இருந்தது.

போய்விட்டு, படியேறி, மறுபடி கூடத்துக்குள் வந்தாள். கடிகாரம் இருந்தது. பெஞ்சு இருந்தது. பை இல்லை.

ஜன்னலில் மீசைக்காரரும் இல்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். முன்னே ஒரு வரிசை நின்றது.

"இங்க ஒரு மீசைக்காரர் இருந்தாரே, எங்க போனாரும்மா?" என்றாள் தையல்காரி.

"இங்கயா? காலையிலேருந்து நான்தாங்க இருக்கேன்."

"என் பை அந்தப் பெஞ்சுல இருந்துது."

"நீங்க அங்க உக்காந்ததையே நான் பாக்கலையே," என்றாள் அந்தப் பெண். கேலியாகச் சொல்லவில்லை. அடுத்த ஆள் சில்லறையை நீட்ட, அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

தையல்காரி குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடினாள். தரையைப் பார்த்தாள். அதே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், ஆனால் சிவப்பு இல்லை, பச்சை இல்லை. மேலே அதே வண்ணக் கண்ணாடி மங்கிக் கிடந்தது. கழிப்பறையில் தூங்கிவிட்டோமா, பொழுது சாய்ந்துவிட்டதா என்று நினைத்தாள். கடிகாரம் அப்படிச் சொல்லவில்லை.

மறுபடி கீழே இறங்கி, வேறு படி மாதிரித் தெரிந்த ஒன்றில் ஏறினாள். அதே கூடம், அதே கண்ணாடி போட்ட பெண். வெளியே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வாசலுக்கு நடந்தாள். அவள் வரும்போது எதிரே செருப்புக் கடையும் சைக்கிள்கள் சாத்திய சந்தும் இருந்தன. இப்போது அங்கே ஒரு நீண்ட மதில்தான் இருந்தது. தெருவையே யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போனது போலிருந்தது.

அம்மா ஞாபகம் வந்தது. கடைசி வருஷங்களில் அம்மா சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, இது நம்ம வீடு இல்லை, என்னை வீட்டில் கொண்டு விடு என்பாள். வெளியே போய் வழி தவறிவிடுவாள் என்று தையல்காரி கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவாள். ஒரு நாள் சொல்லாமல் வந்த தங்கை அந்தப் பூட்டைப் பார்த்தாள். சண்டை அங்கே ஆரம்பித்ததுதான்.

நமக்கும் வந்துவிட்டதா? தையல்காரி தன் பெயரை, வீட்டு முகவரியை, அங்கியின் கை அளவை முணுமுணுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. அதனால் பயம் குறையவில்லை. அம்மாவும் கடைசிவரை தன் பெயரைச் சரியாகச் சொன்னவள்.

கால் போன போக்கில் நடைமேடைக்கு வந்தாள். நின்றிருந்த ரயில் அப்போதுதான் கிளம்பியது. கடைசிப் பெட்டி நகர்ந்ததும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இதே கட்டடம் தெரிந்தது. இதே வளைவுகள், இதே தூண்கள். அதன் முன்னே, பஸ் ஓட்டுநர் சீருடையோடு, அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள்.

தையல்காரி படிக்கட்டை நோக்கி ஓடப் பார்த்தாள்.

"அக்கா, அங்கயே நில்லு. அசையாத. நான் வரேன்."

தங்கை மூச்சிரைக்க மேலே வந்தாள். போன் போட்டால் ஆளில்லாத பெஞ்சில் பை மட்டும் அலறியது என்றாள். மீசைக்காரரிடம் கேட்டால், அந்த அம்மா போய் ரொம்ப நேரமாச்சு, திரும்பவே இல்லை என்றாராம். என்ன நினைப்பதென்றே தனக்குத் தெரியவில்லை என்றாள்.

இருவரும் கூடத்துக்குள் போனபோது வரிசை கலைந்திருந்தது. கண்ணாடி போட்ட பெண் எட்டிப் பார்த்து வருத்தம் தெரிவித்தாள். தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரித்ததால், எந்தப் பக்கத்துக்காரருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதென்று அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி கட்டிவிட்டார்களாம். பலகை மாட்டலாமென்றால், பாதுகாக்கப்பட்ட சுவரில் ஆணி அடிக்க அனுமதியில்லையாம். தினம் யாராவது ஒருத்தர் இப்படி முழிப்பதுண்டாம்.

தையல்காரி தலையாட்டினாள். விஷயம் விளங்கிவிட்டது; உடம்புக்கு மட்டும் விளங்கவில்லை. தங்கையிடமிருந்து பையை வாங்கி, போன் இருக்கிறதா என்று இரண்டு முறை திறந்து பார்த்தாள். தங்கை அவள் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அம்மாவுக்கு தினமும் இப்படித்தான் இருந்திருக்கும்ல?" என்றாள் தையல்காரி.

தங்கை அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "உனக்கு எப்படி இருந்துதுன்னு நான் கேட்டதே இல்லயேக்கா," என்றாள்.

எங்கே ஆரம்பிப்பது என்று தையல்காரிக்குத் தெரியவில்லை. ஏதேதோ சொன்னாள், பாதி முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. பூட்டியது சரியா தப்பா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது என்றாள். தங்கை தனக்கும் தெரியாது என்றாள். ரயில்கள் இரண்டு பக்கமும் வந்து போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் தங்கை எழுந்துபோய் ஜன்னலில் இரண்டு டிக்கெட் கேட்டாள். எந்த ஊருக்கு என்று கேட்டாள் அந்தப் பெண். தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"உன் வீட்டுக்கே போலாம்," என்றாள் தையல்காரி. "எந்தப் பக்கம் ஏறணும்னு மட்டும் நீ பாத்துக்க."