கிளட்சை மிதித்தும் நகரும் கார்

கிளட்ச் பெடல் தரையைத் தொட்டிருந்தது. கார் முதல் கியரில் இருந்தது. அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்ட அதே நொடியில், யாரோ பின்னாலிருந்து இரு கைகளாலும் தள்ளியதுபோல் கார் ஷெட்டின் சுவரை நோக்கிப் பாய்ந்தது.

"அண்ணி, பிரேக்! பிரேக்கை மிதிங்க!"

மிதித்தாள். எஞ்சின் குலுங்கி அணைந்தது. காரின் நீண்ட மூக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடம் மிச்சமிருந்தது.

கொழுந்தன் ஓடி வந்தான். "கிளட்ச்லேருந்து காலை எடுத்துட்டீங்களா?"

"எடுக்கல. இதோ பாரு, இன்னும் மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

அவன் குனிந்து பார்த்தான். அவளுடைய இடது கால் பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

இது நடக்கக் கூடாத காரியம். எஞ்சின் சுழற்றும் கனமான இரும்புச் சக்கரத்தின் மேல் கிளட்ச் தட்டு அழுந்தியிருக்கும். அந்தத் தட்டு சுற்றினால்தான் கியர் பெட்டி சுற்றும், கார் நகரும். பெடலை மிதிக்கும்போது அழுத்தம் விலகுகிறது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்திருந்த தாளை, கைகளைக் கொஞ்சம் அகற்றித் தளர விடுவதுபோல. அதன் பிறகு எஞ்சின் தன் பாட்டுக்குச் சுற்றலாம். கார் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

இந்தக் கார் நிற்கவில்லை. அதுவும் எப்போதுமல்ல, சில நேரம் மட்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்பினால் பெட்டிப் பாம்பு. ஊரைச் சுற்றிவிட்டு வந்து அணைத்து, சற்று நேரம் விட்டு மறுபடி எழுப்பினால் மட்டும் பாய்ந்தது. என்ன கோளாறு என்று கியர் பெட்டியைக் கழற்றி இறக்கினால், இறக்கி முடிப்பதற்குள் எல்லாம் ஆறிவிடும். ஆறிவிட்டால் குறை ஒன்றும் தெரியாது. டாக்டர் வாசலை மிதித்ததும் காணாமல் போகும் காய்ச்சல் மாதிரி.

"அண்ணன் ஆவியா வந்து ஓட்டுறார்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றான் கொழுந்தன். "ஆவியா வந்திருந்தா முதல்ல நான் மாட்டின போல்ட்டை எல்லாம் கழட்டி, மறுபடி அவரே மாட்டியிருப்பாரு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

இது அவள் கணவனின் கார். ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, ஆறு சிலிண்டர். அவர் லேத் பட்டறை வைத்திருந்தார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைப் பட்டறையில் நூல் என்பார்கள். தொழில் கற்ற நாளிலேயே அரை நூல் பிசகினாலும் பொருளைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று அவருக்கு அரைநூல் என்று பெயர் வைத்தார்கள். தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர்தான்.

போன வருஷம் புது கிளட்ச் போட்டு முதல் ஓட்டமாக ஏரிக்குப் போனார். படகுத்துறையின் விளிம்பில், தண்ணீரைப் பார்த்தபடி காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கார் தண்ணீருக்குள் போனது. படகு கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது பின்விளக்குகள் மட்டும் தெரிந்தன.

காரை வெளியே எடுத்த பிறகு சோதனை அதிகாரி வந்து பார்த்தார். முதல் கியர் விழுந்திருக்கிறது. பிரேக் போட்ட தடமே இல்லை. எஞ்சினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்திருக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது தண்ணீர் உள்ளே புகுந்தால்தான் ராடு அப்படி வளையும். ஆக, ஆக்சிலரேட்டரை மிதித்தபடி போயிருக்கிறார். "வேணும்னே போன மாதிரிதாம்மா இருக்கு," என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

அன்று காலை வீட்டில் நடந்தது அந்த அதிகாரிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். "இந்தக் காரையே கட்டிக்கிட்டு எங்கயாவது போய்த் தொலைங்க," என்று அவள் சொல்லியிருந்தாள். கணவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

தொலைவதற்குத்தான் போனாரா? அந்தக் கேள்விக்காகவே அவள் காரை விற்கவிடவில்லை. ரொட்டிக்கடை வேலை முடிந்ததும் மாவு ஒட்டிய கையோடு ஷெட்டுக்கு வருவாள். கொழுந்தனும் அவளுமாக எஞ்சினை ஒவ்வொரு துண்டாகக் கழற்றினார்கள். வளைந்த ராடு, பிஸ்டன், வளையங்கள், எண்ணெய் பம்பு எல்லாம் மாறின. கிளட்சில் தட்டு புதிது, அழுத்தும் மூடி புதிது, பெடலுக்கான எண்ணெய்க் குழாய் வரை புதிது.

மாற்றாதவை இரண்டு. ஒன்று, இருக்கை. அதன் தண்டவாளம் அவர் கால் நீளத்துக்கே துருப்பிடித்து இறுகியிருந்தது. அவள் முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டினாள். இன்னொன்று, எஞ்சினின் சுழற்சியை வெளியே தரும் கிராங்க் தண்டின் பின்முனையில் இருந்த சின்ன வெண்கல வளையம். கடையில் கிடைக்க நாளாகும் என்று, போன வருஷம் புது கிளட்ச் போட்டபோது அவரே லேத்தில் கடைந்து போட்டது. ஏரித் தண்ணீர்கூட அதைக் கெடுத்திருக்கவில்லை. துடைத்ததும் கண்ணாடிபோல் மின்னியது. "இது அண்ணன் கை வேலை. இதை மட்டும் விட்டுடலாம் அண்ணி," என்றான் கொழுந்தன். அவளும் சரி என்றாள்.

வெயில் காலத்திலும் ஹீட்டர் துளைகளிலிருந்து ஈர மண் வாசனை வந்தது. நன்றாகச் சூடாகிவிட்டால் துளைகள் வழியே மெல்லிய ஏரிவண்டல் புழுதியாக உதிர்ந்து அவள் மடியில் விழும். அவள் அதைத் தட்டிவிடுவதில்லை.

இப்போது கார் சுவரெதிரே நின்றது. கொழுந்தன் பெருமூச்சு விட்டான்.

"மறுபடி இறக்கணுமா? என் முதுகு இப்பவே ரெண்டா விட்டுப்போச்சு."

"இறக்கு. ஆனா இந்தத் தடவை ஆற விட வேண்டாம்."

"சூட்டோட எப்படிக் கழட்டுறது? கை வெந்துடும்."

"கழட்டும்போது ஆறட்டும். கழட்டினப்புறம் நாமளே சூடாக்குவோம்." அவள் காரின் மூக்கைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். "எங்க கடை அடுப்புக் கதவு இப்படித்தான் படுத்திச்சு. காலைல ஒரு விரலால தள்ளலாம். நாலு தட்டு ரொட்டி வெந்ததும் அசையாது. ஆறினா மறுபடி சாது. கீல்ல ஒரு பித்தளை வளையம். அதுதான் காரணம்."

கொழுந்தன் ஸ்பானரை எடுத்தான்.

அவள் சொன்னதில் உள்ள நுட்பம் இது. கியர் பெட்டியிலிருந்து முன்னால் நீளும் தண்டின் நுனி, கிராங்கின் முனையில் உள்ள அந்த வெண்கல வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தண்டைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே வளையத்தின் வேலை. கிளட்சை மிதித்து நிற்கும்போது எஞ்சின் பக்கம் சுற்றும், கியர் பக்கம் சும்மா இருக்கும். இரண்டும் தொட்டுக்கொள்கிற ஒரே இடம் அந்த வளையம்தான். அது வழுக்கிக்கொடுக்க வேண்டும். பிடித்துக்கொண்டால், கிளட்சை எவ்வளவு மிதித்தும் பயனில்லை. கிளட்சைச் சுற்றிக்கொண்டு ஒரு குறுக்குவழி திறந்துவிடும்.

பெட்டி இறங்கியது. கிளட்சையும் கழற்றினார்கள். அந்தக் காருடைய பழைய கியர் பெட்டித் தண்டு ஒன்று ஷெட்டில் கிடந்தது. கொழுந்தன் அதை வளையத்துக்குள் நுழைத்து இரண்டு விரலால் சுற்றினான். வெண்ணெய்போல் சுற்றியது.

"பாருங்க, ஒரு குத்தமும் இல்ல."

"சூடாக்கு."

பெயின்ட் உரிக்கிற வெப்பக்காற்றுத் துப்பாக்கியை அவன் கிராங்கின் முனைக்கு நேராகப் பிடித்தான். தண்டு உள்ளேயே இருந்தது. அவள் அதன் வால்முனையைத் துணி சுற்றிய கையால் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். முதலில் எளிதாகச் சுற்றியது. பிறகு கனத்தது. பிறகு ஒரு முறை முனகியது. அப்புறம் நின்றுவிட்டது.

கொழுந்தன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் திருகினான். தண்டு தனியாகத் திரும்பவில்லை, அதோடு சேர்ந்து எஞ்சினின் கிராங்கும் திரும்பியது. இழுத்துப் பார்த்தான். வரவில்லை. உள்ளே யாரோ பற்றிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

"வெண்கலம் இரும்பை விட அதிகமா விரியும்," என்றான் அவன், குரல் இறங்கி. "வெளிப்பக்கம் விரிய கிராங்க் இடம் கொடுக்காது. அதனால உள்பக்கம் சுருங்குது. அண்ணன் துளி இடைவெளிகூட விடாம கடைஞ்சிருக்காரு அண்ணி. அவருக்குத்தான் லூசா இருந்தாலே பிடிக்காதே."

"எஞ்சினை அணைச்சா சூடு குறையத்தானே செய்யும்? அப்போ ஓடும்போது ஏன் பிடிக்கல?"

"அணைச்ச உடனே குறையாது. தண்ணியும் ஓடாது, காத்தும் வராது. நடுவுல இருக்கிற சூடு எல்லாம் ஓரத்துக்கு வரும். கொஞ்ச நேரம் வரைக்கும் ஏறத்தான் செய்யும்."

அவள் சுவரோரம் கிடந்த பெட்டியில் உட்கார்ந்தாள். படகுத்துறை அவள் கண்முன் வந்தது. ஹேண்ட்பிரேக் தளர்ந்த கார் என்பதால் அவர் எப்போதும் முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். கார் சூட்டோடு கொஞ்ச நேரம் நிற்கிறது.

"சூடா இருக்கும்போது எப்படி ஸ்டார்ட் பண்ணுவாரு?" என்று கேட்டாள்.

கொழுந்தன் கையைத் துணியில் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "கார்புரேட்டர்ல பெட்ரோல் பொங்கியிருக்கும். ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல மிதிச்சாத்தான் எடுக்கும். இடது கால் கிளட்ச்ல. வலது கால் ஆக்சிலரேட்டர்ல."

"பிரேக்குக்கு?"

"பிரேக்குக்குக் கால் ஏது அண்ணி."

கிராங்கில் செருகியிருந்த தண்டு மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடாமலேயே ஒரு சின்ன டிக் சத்தம் வந்தது. அதன் வால்முனை ஒரு துளி கீழே சாய்ந்தது. அவள் எழுந்து போய் அதைப் பிடித்து இழுத்தாள். கைக்கு எளிதாக வந்துவிட்டது.

"அப்போ வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்காரு," என்றாள்.

"ஆமா அண்ணி. ரிவர்ஸ் போடறதுக்கு முன்னாடி எஞ்சினை எடுத்திருக்காரு. அவ்வளவுதான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கிரீஸ் படிந்தது. "சிரிக்காதடா."

"சிரிக்கல அண்ணி," என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பழைய வளையத்தைத் தட்டி எடுத்தார்கள். கொழுந்தன் அண்ணனின் லேத்திலேயே, எண்ணெய் உறிஞ்சும் வெண்கலத்தில் புதியது ஒன்று கடைந்தான். கிராங்கில் அடித்து ஏற்றிய பிறகு அளந்து, தண்டைச் சுற்றி முடியில் பாதி கனத்துக்கு இடைவெளி இருக்கும்படி உட்புறத்தைக் குடைந்தான். ஏற்றும் முன்பு வளையம் ஒரு நாள் முழுக்க எண்ணெயில் ஊறியிருந்தது. எல்லாவற்றையும் மாட்டி, ஏரி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, ஷெட்டில் அணைத்து, சூடு ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். பிறகு அவள் முதல் கியரைப் போட்டாள். இடது காலால் கிளட்சைத் தரை வரை மிதித்தாள், வலது காலால் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்தாள், சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமி எழுந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது.