யார் தேடிக்கொண்ட காயம்

நமுனுகுல மலையடியில் இருக்கிற அந்தத் தோட்டத்து ஆபீசில், சிவசக்தியை நிற்க வைத்தே கடிதத்தை நீட்டினார் கிளாக்கர். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்துவிட்டு வந்தவள். இடது கண் இன்னும் பாதிதான் திறந்தது. கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார் கிளாக்கர். இங்கிலீஷ் கடிதம் என்றால் தோட்டத்தில் யார் படிக்கிறார்கள்? பெயரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம்.

பாவம், ஆள் தெரியாமல் நீட்டிவிட்டார். சாதாரண தரப் பரீட்சையில் சிவசக்தி இங்கிலீஷை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டவள். மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டியவளுக்கு அது அவ்வளவு சீக்கிரம் மறக்குமா? ஒற்றைக் கண்ணால் வரிவரியாகப் போனாள். நடுவில் 'இன்கர்ட்' வந்தது. ஹாலிஎல டியூஷனில் படித்த சொல். கடன், நட்டம், அபராதம், அடுத்தவன் கோபம் என்று ஒருவன் தன் தலையில் ஏற்றிக்கொள்கிற கெட்டதுக்கெல்லாம் அதுதான் வரும். பரிசு வாங்கினதுக்கு யாரும் அதைப் போடமாட்டார்கள். தடுத்திருந்த இடத்துக்குள் தானாகப் போய், தன் கவனக்குறைவால் காயத்தைத் தேடிக்கொண்டாளாம். கையெழுத்துப் போட்டால் நட்டஈடு கிடையாது, பழியும் அவளுக்கே. போடமாட்டேன் என்று கடிதத்தை மேசையில் வைத்தாள்.

குளவிக்கூடு கண்டால் அந்தத் தேயிலை நிரையின் தொடக்கத்தில் ஒரு செடியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி இருக்கும்வரை எவளும் உள்ளே கால் வைக்கமாட்டாள். திங்கட்கிழமை கூடக் கொழுந்தெடுக்கிற பெரியாயி தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். புதன்கிழமை துணி இல்லை. கூட்டைக் கலைத்துவிட்டார்கள் என்று நம்பி சிவசக்தி இறங்கினாள். அந்த நம்பிக்கைதான் அவள் செய்த ஒரே பிழை.

புதன்கிழமையும் துணி கட்டியபடியே இருந்தது என்றார் உள்ளறையிலிருந்து வந்த தோட்டத்து மேனேஜர், பெரிய துரை. சாட்சிக்குக் கணபதி கங்காணியைக் கூப்பிட்டார். கணபதி ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி வந்து நின்றார்.

"அண்ணே," என்றாள் சிவசக்தி, "துணியக் கழட்டுனது யாரு?"

கணபதி நிமிர்ந்து அவளுடைய வீங்கின கண்ணைப் பார்த்தார். அப்புறம் பார்வையை எடுக்கவில்லை.

"நான்தான் கழட்டுனேன். கூடு இருக்குன்னு சொன்னேங்க. கொழுந்து முத்திப்போகுது, கழட்டிட்டு ஆள எறக்குன்னு ஆபீசிலதான் சொன்னாங்க."

கிளாக்கர் இருமினார். துரை கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கடைசியில் கடிதத்தை மாற்றி அடிக்கச் சொன்னார். புதுக் கடிதத்திலும் அந்தச் சொல் இருந்தது. இந்தத் தடவை, தோட்டத்தின் கவனக்குறைவால் வந்த செலவு என்று. சிவசக்தி விடவில்லை. கிளாக்கரை உரக்க வாசிக்க வைத்து, முழுப்பெயரையும் இங்கிலீஷில் நிதானமாக எழுதினாள்.

வெளியே பெரியாயி காத்திருந்தாள்.

"தப்பு தோட்டத்துதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கக்கா. கணபதியண்ணன் உள்ளதச் சொல்லிட்டாரு."

பெரியாயி மலையைப் பார்த்துக் கூவினாள். கீழ் நிரையில் நின்றவள் கேட்டு மேல் நிரைக்குச் சொன்னாள், அவள் அதற்கும் மேலே. செய்தி கூடை கூடையாக ஏறிப் போனது. உச்சியில், முகம் தெரியாத தூரத்தில் ஒருத்தி, கூடையிலிருந்த கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி வானத்துக்கு வீசினாள்.