எண்பது சுற்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன ஞாயிறு காலை, ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் பாதி தூரத்தில் என் அக்கா சைக்கிளை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். "இனிமே நான் வரலடி. நீயே ஓட்டிக்கோ" என்றாள். மீதி தூரத்தை நடந்தே கடந்தோம். நான் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள, அவள் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொடக்கம் இப்படி இருந்தது: 'பனி விலகாத ஏரிக்கரையில் இரண்டு நிழல்கள் மிதந்து சென்ற'

நிழலாவது, மிதப்பதாவது. வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். (பனி மட்டும் உண்மை. அது மறுபடியும் வரும்.)

2

முதல் வரைவில் அக்காவைத் தையல்காரியாக்கியிருந்தேன், அடையாளம் தெரிய வேண்டாமே என்று. அந்தத் தையல்காரியோ, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு முன்னால், பஸ்ஸில் இருப்பதுபோல, பக்கவாட்டுக் கண்ணாடியைத் தேடினாள். சரி, பஸ் டிரைவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவள். இரண்டு வருடமாக அவள் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிவருகிறது. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல்தான் தெரிகிறதாம். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த அன்று, "ஓட்டாம எப்படிடி இருக்குறது?" என்று மட்டும் கேட்டாள். அதற்காகத்தான் அந்தப் பழைய இரட்டைச் சைக்கிளை வாங்கினேன். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல். எல்லாவற்றையும் சங்கிலி பிணைத்திருப்பதால், முன்னால் இருப்பவள் மிதிக்கும் வேகத்தில்தான் பின்னால் இருப்பவளின் காலும் சுற்றும். திருப்பும் ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் முன்னால்; பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு அசையாத ஹேண்டில் மட்டும். முன்னால் யார்? வேறு யார், நான்தான்.

3

சைக்கிள் கடைக்காரர் சொல்லியனுப்பினார்: "நிமிஷத்துக்கு எண்பது சுத்து வர்ற மாதிரி கியர் வச்சுக்கங்க. முட்டிக்கு நல்லது, மூச்சும் வாங்காது."

கையில் ஒரு எண் கிடைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஓட்டிக்கொண்டே கால் மிதிகளைப் பதினைந்து விநாடி எண்ணி, நாலால் பெருக்கினேன். இருபது, அப்படியென்றால் எண்பது. கச்சிதம்!

"கனமா இருக்குடி. கொஞ்சம் லேசா வையேன்" என்றாள் அக்கா.

"எண்பது கரெக்டா வருதுக்கா. உனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

க்ளட்ச் மிதித்து மிதித்தே தேய்ந்துபோன இடது முட்டி அவளுக்கு. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இதே பேச்சு நடந்தது. ஐந்தாவதில்தான் இறங்கினாள்.

4

[இங்கே 'அக்காவின் பிடிவாதம் ஊரறிந்தது' என்று தொடங்கி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். ஏன் என்று கேளுங்கள்.]

அவள் இறங்கும் காட்சியை எழுதும்போது, வாக்கியங்கள் மிதிப்பதுபோல் நடக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். மேசைக்கடியில் காலால் தாளம் போட்டேன். வலது, இடது, வலது, இடது. கடிகாரத்தைப் பார்த்தால் பதினைந்து விநாடிக்கு இருபது. பேனா அப்படியே நின்றுவிட்டது. ஒரு சுற்று என்பது, கீழே போன வலது கால் மறுபடியும் கீழே வருவது. நான் இரண்டு காலையும் எண்ணியிருக்கிறேன். எண்பது இல்லை, நாற்பது.

அடிப்பாவி! ஐந்து வாரமாக அவள் முட்டியில் இரண்டு மடங்கு பாரத்தை ஏற்றிவிட்டு, மேலே புத்திமதி வேறு சொல்லியிருக்கிறேன். தனியறையில் உட்கார்ந்திருந்தும் வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாள் விடியலில் தனியாகக் கிளம்பினேன். பனி. கியரை ஒவ்வொன்றாக லேசாக்கி, வலது காலை மட்டும் எண்ணினேன். ஐம்பத்திரண்டு. அறுபத்தெட்டு. எண்பது வந்ததும் எனக்குக் கால்கள் இருப்பதே மறந்துபோனது. மூச்சு யாருடையதோபோல் போய் வந்தது. ஏரி எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எதிரே நடந்துவந்த ஒருவர் வெள்ளைக்குள்ளிருந்து எழுந்து, தலையசைத்து, வெள்ளைக்குள்ளேயே அமிழ்ந்தார். விழித்துக்கொண்டே தூங்குவதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போனேனோ. முதுகுக்குப் பின்னால் ஏதோ மெல்லிய சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆளில்லாத பின் பெடல்கள் தாமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, என்னோடு, அதே எண்பதில். சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன்.

5

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

(அ) அக்கா மன்னிக்கிறாள். இருவரும் பனிக்குள் மிதந்து மறைகிறார்கள். (கடைசியில் மிதந்தேவிட்டார்கள், பாருங்கள்.)

(ஆ) அக்கா வரவில்லை. தங்கை ஒவ்வொரு ஞாயிறும் காலிப் பின்சீட்டோடு ஏரியைச் சுற்றுகிறாள்.

அவளுக்கு எழுத்தைப் பார்ப்பது சிரமம். அதனால் இதுவரை எழுதியதை முழுக்கப் போனில் படித்துக் காட்டினேன். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. எண்ணிக்கை தப்பிய இடத்தில் அவள் சிரிக்கத் தொடங்கி, இருமல் வரும்வரை சிரித்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டுனவடி நான். கனம்னு சொன்னா கனம்தான். அதை நீ எண்ணி வேற பாக்கணுமா?"

"தப்புதான்க்கா."

"சரி, அந்த ரெண்டு முடிவையும் இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"ரெண்டுலயும் நீதான் முன்னாடி உக்காந்திருக்க. கியரும் உன் கையில, கதையும் உன் கையில. பின்னாடி நான் யாரு, மூட்டையா?"

வைத்துவிட்டாள்.

6

சைக்கிள் கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். "கியர் லீவரைப் பின்னாடி ஹேண்டில்லயா? மாத்தலாம். ஆனா முன்னாடி இருக்குற உங்களுக்கு எப்ப என்ன கியர் விழும்னே தெரியாதே?"

"பரவாயில்லை, மாத்துங்க" என்றேன்.

இன்று ஞாயிறு. இந்தப் பகுதியை அக்கா வீட்டு வாசலில் நின்று போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வருகிறேன் என்று மட்டும் சொல்லியனுப்பினேன், பதில் இல்லை. தெரு முழுக்கப் பனி. மாடியில் விளக்கு எரிகிறது. அணைகிறது. படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கும் சத்தம்.

வந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போகிறாள். ஹேண்டிலில் கை நிற்கிறது.

"என்னடி இது?"

"கியர்க்கா."

கட்டைவிரல் லீவரின் மேல் ஒருமுறை போய் வருகிறது. பிறகு, "அங்க என்ன தட்டிக்கிட்டே இருக்க? இதையும் எழுதுறியா? போனை உள்ள வை முதல்ல."

வைத்துத்தான் ஆகவேண்டும். சைக்கிளின் பின்பக்கம் சற்றுத் தாழ்கிறது, ஏறி உட்கார்ந்துவிட்டாள். (இ) என்று ஒரு முடிவு இருக்கிறது. அதை அவள் கட்டைவிரல் போடும். எண்பதா, அறுபதா, எனக்குத் தெரியாது. நீங்கள் கரையில் நின்று எண்ணிக்கொள்ளுங்கள். தயவுசெய்து, வலது காலை மட்டும்.